மார்கோஸ் சாறும் சர்க்கரை மாத்திரையும்

போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் திசான், அதாவது மூலிகைக் கஷாயத்துக்கான இலைகள், விற்கும் கடைகளைக் கடக்கும்போதே இலை வாசனை மூக்கைத் துளைக்கும். வயிறு சரியில்லையென்றால் ஐயாபானா மூலிகைக் கஷாயம் குடிப்பவன்தான் நானும். அதில் வம்பில்லை. வம்பு நீரிழிவில் தொடங்குகிறது. மொரீஷியசில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அது இருக்கிறது.

எங்கள் பெரியம்மா மார்கோஸ் சாறு, அதாவது பாகற்காய்ச் சாறு, குடிக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த மூன்று நாளும் அவர் தால் பூரியையும் காத்தோ என்னும் கேக்கையும் தொடவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. விரல்நுனிச் சோதனை அந்த நேரத்து அளவைத்தான் சொல்லும். கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் தெரிய எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பாகற்காய் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. வேறு சில அப்படிக் காட்டவில்லை. இதை நம்பி மாத்திரையை விடுவது பெரிய துணிச்சல்.

இன்னொரு கூட்டம் மாத்திரையையும் சாற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, திட்டு விழுமென்று மருத்துவரிடம் மூச்சுவிடாது. இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வரலாம். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

அதிமதுரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. இருமலுக்கு இரண்டு நாள் கஷாயம் என்றால் சரி. வாரக்கணக்கில் குடித்தால் அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் அடுப்படிச் சட்டியையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது, இந்தியா போய் வருபவர்கள் பெட்டியில் கொண்டுவரும் லேபிள் இல்லாத டப்பா. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. கடையில் விற்ற சரக்கே இப்படி. இங்கே மரபு மருத்துவத்துக்கென 1989ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு பெற்ற வைத்தியர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு டப்பாவை நம்புவானேன்?

பெரியம்மா மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். மார்கோஸை இப்போது கறியாக வைக்கிறார், சாறு கசக்கிறதாம்.