பழைய கடவுச்சொல்லை மறுத்த வெப்மின்

கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடையில் இரண்டு சர்வர்கள். இரண்டையும் உலாவி வழியாக நிர்வகிக்க வெப்மின் என்ற மென்பொருள். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் சர்வரில் வெப்மினை, மென்பொருள்களை நிறுவும் ஏப்ட் கட்டளை சத்தமில்லாமல் புதுப்பித்தது. அந்தத் தெம்பில், லினக்ஸ் அல்லாத ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் மற்ற சர்வரில் பழைய வெப்மினை நிறுத்திவிட்டு, புதிய வெப்மினின் சுருக்கக் கோப்பைப் பிரித்து, அதை நிறுவும் செட்டப் ஸ்கிரிப்டை ஓட்டினேன். கேட்டதற்கெல்லாம் என்டர் தட்டினேன். போர்ட் எண் 10000தானா, பயனர் பெயர் என்ன என்று கேட்டபோதே விழித்திருக்க வேண்டும். புதுப்பிப்பு என்றால் அதைக் கேட்காது. தூக்கக் கலக்கம், கேட்ட கடவுச்சொல்லையும் புதிதாகக் கொடுத்தேன்.

காலையில் கணக்குப்பிள்ளை அழைத்தார். "தம்பி, என் பெயரையே தெரியாது என்கிறதே?"

காரணம் எளிது. லினக்ஸில் வெப்மினின் அமைப்புகள் 'இடிசி' அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும். ஃபிரீபிஎஸ்டி தொகுப்போ 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடைவுக்குள் உள்ள 'இடிசி'யில் வைக்கிறது. ஸ்கிரிப்ட் முதல் இடத்தைப் பார்த்தது, எதுவும் இல்லை, புதுக்குடித்தனமே தொடங்கிவிட்டது! பழைய வீடு அப்படியே பூட்டிக் கிடந்தது.

புதியதை நிறுத்தி, அதனுடன் வரும் நீக்கும் ஸ்கிரிப்டாலேயே அகற்றினேன். அதற்கு முன் பழைய அடைவை நகலெடுத்துக்கொண்டேன், பயம்தான். பிறகு ஃபிரீபிஎஸ்டியில் மென்பொருள் நிறுவும் பிகேஜி கட்டளையால் பழையதை முறையாகப் புதுப்பித்து, சர்வீஸ் கட்டளையால் இயக்கினேன். கணக்குப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு ஜிகர்தண்டா வந்தது.