பெயர் ஒன்று, ஊர் வேறு: இணைய ஆவணகங்களில் ஊர்ப்பெயர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த ஊரின் பழைய பெயரைத் தேடுவது இன்று உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிற வேலை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தென்னிந்திய வரலாற்று நிலப்படம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தகவலாற்றுப்படை இருக்கிறது. கல்வெட்டுத் தொகுதிகள் மின்வடிவில் கிடைக்கின்றன. நிலப்படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் கோயில், கல்வெட்டு, காலம் என்று விவரம் விரிகிறது. புதிதாக வருகிறவர்கள் வழுக்குவதும் அந்தப் புள்ளியில்தான். இன்று அனுபவசாலிகளாக இருப்பவர்கள் தொடக்கத்தில் வழுக்கியதும் அங்கேதான்.

எழுத்துப்பிழை, திறக்காத இணைப்பு போன்றவை தாமாகவே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம். யார் கண்ணிலும் படாமல் ஊர் வரலாற்று நூல் வரைக்கும் போய்விடுகிற தவறுகளே இங்கே.

பெயர் பொருந்தியதும் ஊர் கிடைத்துவிட்டதாக நினைப்பது

எல்லாவற்றிலும் அதிக சேதம் செய்வது இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான்.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. இளநிலையில் 270 பேர், முதுநிலையில் 70 பேர் என 340 மாணவர்கள் படித்த கல்லூரியை அது சொல்கிறது. கல்வெட்டில் ஊரின் பெயர் ராஜராஜச் சதுர்வேதிமங்கலம்; சதுர்வேதிமங்கலம் என்றால் வேதம் அறிந்த பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். இந்தப் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டால் எண்ணாயிரம் மட்டும் வராது. திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலும் கல்வெட்டுகளில் ராஜராஜச் சதுர்வேதிமங்கலம்தான். அங்கேயும் ராஜேந்திரன் காலக் கல்வெட்டுகள் உண்டு. இரண்டு ஊரிலும் பெரிய பெருமாள் கோயில். அரசன் ஒன்று, நூற்றாண்டு ஒன்று, சமயம் ஒன்று, பெயரும் ஒன்று. புதியவருக்குச் சந்தேகம் எப்படி வரும்? ஒரு கிளிக்கில் கல்லூரி 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது முகவரி. எண்ணாயிரம் ஜயங்கொண்டசோழ மண்டலத்துப் பனையூர் நாட்டில் இருப்பது. மன்னார்கோயில் முள்ளி நாட்டில் இருப்பது. சோழர் காலத்துக் கல்வெட்டு ஊர்ப்பெயரைத் தனியாகச் சொல்வது குறைவு. மண்டலம், வளநாடு, நாடு அல்லது கூற்றம், கடைசியாக ஊர் என்று வரிசையாக வரும். தொண்டை மண்டலத்தில் வளநாட்டின் இடத்தில் கோட்டம் இருக்கும். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைச் சொல்லும்போதே ‘பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்றுதான் தொடங்குகிறான். தலைநகருக்கே முழு முகவரி தேவைப்பட்டது என்றால், ஆளுக்கொரு மூலையில் இருக்கும் சதுர்வேதிமங்கலங்களுக்கு எவ்வளவு தேவை!

அரசனின் பட்டப்பெயரோடு வரும் எந்த மங்கலமும், நல்லூரும், பட்டினமும் ஐயத்துக்கு உரியதே. அரசன் பெயரை எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், வைத்தார்கள்.

முகவரியைப் பார்க்கத் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் வளநாடு. அது நிலையான பெயர் அல்ல. ஆட்சி மாறும்போது மாறியது. நாகப்பட்டினத்தைப் பாருங்கள். முதலாம் ராஜராஜனின் ஆனைமங்கலச் செப்பேட்டில் அது க்ஷத்ரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்து நாகப்பட்டினம். 1090ஆம் ஆண்டுக் குலோத்துங்கன் செப்பேட்டில் கேயமாணிக்க வளநாட்டுப் பட்டனக் கூற்றத்துச் சோழகுலவல்லிப்பட்டினம். நூறு ஆண்டுக்குள் வளநாடும் மாறிவிட்டது, ஊர்ப்பெயரும் மாறிவிட்டது. மாறாமல் நின்றது பட்டனக் கூற்றம் மட்டும். வளநாட்டையும் ஊரையும் மட்டும் வைத்துத் தேடியவர் இவை இரண்டு வேறு துறைமுகங்கள் என்றே எழுதுவார். ஆகவே பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு நாடும் கூற்றமும்தான்.

செய்முறை இது. கல்வெட்டின் முகவரியை ஒரு சொல் விடாமல் தாளில் எழுதுங்கள். ‘ஆன’ வரும் இடத்தை வட்டமிடுங்கள். ‘புலியூர்க் கோட்டமான குலோத்துங்கசோழ வளநாடு’ என்றால் ஒரே பகுதிக்கு இரண்டு பெயர். இரண்டிலும் தேட வேண்டும். பிறகு ஊரை மறந்துவிட்டு நாட்டின் பெயரை மட்டும் தேடுங்கள். அந்த நாட்டில் ஐயமில்லாமல் அடையாளம் காணப்பட்ட நான்கைந்து ஊர்களை நிலப்படத்தில் குறியுங்கள். சோழநாட்டு நாடுகளை இப்படி ஊர் ஊராக நிலப்படத்தில் வைத்துக் காட்டிய எ. சுப்பராயலுவின் ஆய்வு 1973இலேயே வெளிவந்துவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய முறை எதுவும் இல்லை. நீங்கள் நினைக்கும் ஊர் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஒதுங்கி நின்றால், பெயர் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அந்த ஊரைக் கைவிடுங்கள்.

நிலக்கொடைக் கல்வெட்டு என்றால் இன்னொரு சோதனையும் கையில் இருக்கிறது. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று நான்கு எல்லையும் சொல்லியிருப்பார்கள். அதில் வரும் ஊர், வாய்க்கால், ஏரிப் பெயர்களில் குறைந்தது இரண்டு இன்றும் பக்கத்தில் இருந்தால் நம்பலாம்.

முகவரியில் ‘தன்கூற்று’ என்று வந்தால் திகைக்க வேண்டாம். காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், அதாவது இன்றைய உத்திரமேரூர், எந்த நாட்டுக்குள்ளும் அடங்காமல் தானே ஒரு கூறாக இருந்த பேரூர். அங்கே நாட்டைத் தேடினால் கிடைக்காது; கோட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதில் இவ்வளவு கடுமை ஏன் என்றால், தவறான புள்ளி தனியாக இருப்பதில்லை. ஒருவர் இட்டதை அடுத்தவர் எடுக்கிறார். கோயில் வாசல் பலகையில் ஏறுகிறது. கும்பாபிஷேக மலரில் அச்சாகிறது. பிறகு அந்த மலரையே ஆதாரமாகக் காட்டி ஆவணகத்துக்குத் திருத்தம் அனுப்புகிறார்கள். கிரானைட்டில் வெட்டியதை யார் அழிப்பது?

புள்ளி குறிப்பது கல் இருக்கும் இடத்தை

பெரும்பாலான பதிவுகளில் இடம் என்பது கல்வெட்டு கிடைத்த இடம். அதில் பேசப்படும் ஊர் எங்கோ இருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் சோழ மண்டலம் முழுக்க உள்ள ஊர்களும் வருகின்றன, கடல் தாண்டி ஈழ மண்டலத்து ஊர்களும் வருகின்றன. அத்தனைக்கும் நிலப்படத்தில் தஞ்சாவூர்தான் புள்ளி. ஆனைமங்கலச் செப்பேடுகளின் ‘இருப்பிடம்’ நெதர்லாந்தின் லெய்டன் என்று பதிவாகியிருக்கும். திருப்பணியின்போது பெயர்த்து வேறு கோயிலில் பதித்த கற்களும் ஏராளம். கிடைத்த இடம், இப்போது இருக்கும் இடம், குறிப்பிடப்படும் ஊர் மூன்றுக்கும் உங்கள் அட்டவணையில் மூன்று தனி நிரல் வையுங்கள்.

இன்றைய பெயரில் மட்டும் தேடுவது

தேவாரக் காலத்துக்கு விருத்தாசலம் என்று தேடினால் வெறுங்கைதான். அது முதுகுன்றம். முது, விருத்த ஆயிற்று; குன்றம், அசலம் ஆயிற்று. மறைக்காடு அப்படியே வேதாரண்யம். மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகி, 1982இல் மறுபடி மயிலாடுதுறை ஆனது. அதனால் மூன்று பெயரிலும் கோப்புகள் உண்டு. ஆங்கிலேயர் ஆவணம் என்றால் தரங்கம்பாடியை டிராங்குபார் என்றும் காஞ்சிபுரத்தைக் காஞ்சீவரம் என்றும் தேட வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்றும் ஒழுங்கில்லை. 2020இல் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வந்த அரசாணை அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது.

சொல்லை முழுசாக அடிப்பது

‘பட்டனக் கூற்றம்’ என்று அடித்தால் ‘பட்டனக்கூற்றத்து’ வராமல் போகலாம். ‘பட்டன’ வரை அடித்து நிறுத்துங்கள். கல்வெட்டு எழுத்தில் எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. பதிப்பித்தவர் கெயமாணிக்க என்று வைத்திருப்பார், இன்னொருவர் கேயமாணிக்க என்று. ராஜராஜ, இராஜராஜ, இராசராச மூன்றையும் தனித்தனியே முயல வேண்டும். பழைய அச்சுத் தொகுதிகளில் ணா, றா, னா ஆகியவை பழைய வடிவில் இருப்பதால், கணினி படித்துக் கொடுத்த உரையில் அவை சிதைந்திருக்கும். தேடலில் வராத ஊரைத் தொகுதியின் பின்னிணைப்பு அகரவரிசையில் கண்ணால் பாருங்கள்.

வருவாய்க் கிராமத்தை ஊர் என்று கொள்வது

ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். கல்வெட்டுப் பெயர் பிழைத்திருப்பது அவற்றில் ஒன்றிலோ, ஒரு குளத்திலோ, ஒரு வயல் கட்டளையிலோ இருக்கலாம். இணைய நிலப்படத்தில் அது வராது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தையும் நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டையும் பாருங்கள். வயதானவர்களிடம் வயல் பெயர்களைக் கேளுங்கள்.

தலபுராணப் பெயர்க்காரணம்

கல்வெட்டில் உள்ள மிகப் பழைய வடிவத்தைப் பார்க்கும்வரை தலபுராணம் சொல்லும் பெயர்க்கதையைத் தொட வேண்டாம்.

333/1917

கல்வெட்டு மேற்கோள்களில் இப்படி ஓர் எண் வந்தால், 1917இல் படியெடுத்த கல்வெட்டுகளுள் 333ஆவது என்று பொருள். தொகுதி எண்ணோ பக்க எண்ணோ அல்ல.

பாகையும் தசமமும்

நாகப்பட்டினத்தின் அட்சரேகை 10°46′. அதை 10.46 என்று அடித்தால் புள்ளி 34 கிலோமீட்டர் தெற்கே வேதாரண்யம் பக்கம் போய் விழும். சரியான எண் 10.767. கலையை, அதாவது ′ குறியிட்ட எண்ணை, 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டிய பிறகே இடுங்கள். தீர்க்கரேகைக்கும் இதே கணக்கு. கோயில் அளவுக்குத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் போதும். அது ஏறக்குறைய 11 மீட்டர். நாடு தெரிந்து ஊர் உறுதியாகாத பெயருக்கு எண்ணே இட வேண்டாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, நாட்டின் பெயரைக் குறிப்பில் எழுதுங்கள்.