தியடோர் ஹெர்சலை வகுப்பில் கற்பிக்கும் முறை

மலையகத் தோட்டப் பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். யூதர்களுக்கெனப் பலஸ்தீனத்தில் ஒரு தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தை நிறுவிய தியடோர் ஹெர்சலைப் பற்றிய பாடத்தை, இஸ்ரேல் உருவான 1948இலிருந்து தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால், 1904இலேயே 44 வயதில் இறந்துபோன ஒரு மனிதரைப் பிள்ளைகள் இன்றைய போர்ச் செய்திகளுக்குள் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

1895 ஜனவரி 5ஆம் திகதி பாரிஸ் இராணுவப் பாடசாலையின் முற்றத்தைக் கரும்பலகையில் வரைந்து தொடங்குங்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட யூத அதிகாரி டிரைஃபஸின் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டு, அவரது வாள் முறிக்கப்பட்டதைச் செய்தியாளர்களோடு நின்று கண்டவர், வியன்னா நாளேடொன்றின் நிருபரான ஹெர்சல். எனினும் இந்த ஒரு காட்சியே அவரை மாற்றியது என்று முடித்துவிடாதீர்கள். அதே காலத்தில் வியன்னாவில் யூத எதிர்ப்பு அரசியல் தேர்தல்களில் வென்றுகொண்டிருந்தது.

1896இல் வெளியான 'யூத அரசு' நூலை ஓரிரு வரிகளில் சொன்னால் போதும். அதிக நேரத்தை 1897 ஓகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச மாநாட்டுக்கு ஒதுக்குங்கள். யூத எழுத்தாளர் பின்ஸ்கர் போன்றோர் யூதர்களுக்குத் தனித் தாயகம் என்ற எண்ணத்தை முன்பே எழுதியிருந்தனர். ஹெர்சலோ அதற்கு மாநாடு, பத்திரிகை, வங்கி என்று அமைப்புகளைக் கட்டினார். பத்திரிகையாளராக இருந்து தோட்டத் தொழிலாளரை 1931இல் சம்மேளனமாகத் திரட்டிய நம் கோ. நடேசய்யரை இங்கே நினைவூட்டினால் பிள்ளைகளுக்கு விளங்கும். ஒப்புமையை அத்துடன் நிறுத்துங்கள். நடேசய்யர் கேட்டது வாழ்ந்த மண்ணிலேயே உரிமை.

என் வகுப்பில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அங்க ஏற்கெனவே இருந்த சனம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் கொள்ளுப்பேத்திக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வரும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதே 1948ஐ ஒட்டிய போரில் சுமார் ஏழு இலட்சம் பலஸ்தீனர்கள் வீடிழந்ததை நேராகச் சொல்லுங்கள்.

பிறகு 1899க்குத் திரும்புங்கள். ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுப் சியா அல்-காலிதி, யூதர்களின் துயரத்தை மதித்தே, பலஸ்தீனத்தை விட்டுவிடுமாறு கேட்டு, ஹெர்சலின் கைக்கு எட்டிய ஒரு கடிதத்தை எழுதினார். யூதர்களின் வருகை அங்குள்ளோருக்கும் செல்வம் தரும் என்று ஹெர்சல் பதில் எழுதினார். இரு மாணவரை எழுப்பி, ஒருவரைக் கடிதத்தின் சாரத்தையும் மற்றவரைப் பதிலின் சாரத்தையும் சொல்லச் செய்து, எது பதிலில்லாமல் நின்றது என்பதை வகுப்பையே கண்டுபிடிக்க விடுங்கள்.