தெரியும், நம்புறன்: ரெண்டையும் லாஜிக்கில எழுதுறது எப்பிடி

வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கைக்கு காலமையில பாண் ஓட்டோ வரும், பீத்தோவன்ட அந்த 'ஃபியூர் எலிஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டு. போன கிழமை மெட்டு கேட்டுது, பாண்காரர் சந்திக்கு வந்திட்டார் எண்டு காசையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினன், ஆள் அங்கதான் நிக்கிறார், ஆனா அண்டைக்கு அவற்ற ஸ்பீக்கர் பழுதாம், நான் கேட்டது மேல்மாடி அக்காட போன் ரிங்டோன்!

நம்பினன், காரணமும் இருந்துது, விஷயமும் உண்மை. எண்டாலும் எனக்குத் 'தெரியும்' எண்டு சொல்ல வாய் வரேல்ல. 1963இல எட்மண்ட் கெட்டியர் எண்ட தத்துவக்காரர் மூண்டே மூண்டு பக்கக் கட்டுரையில போட்ட குண்டு இந்த மாதிரிக் கேஸ்தான். அதால காரணமுள்ள உண்மையான நம்பிக்கைதான் அறிவு எண்டு எழுதித் தொடங்காதேங்கோ. கெட்டியருக்கு ஒரு வருசம் முந்தியே ஹிந்திக்கா எண்ட இன்னொரு தத்துவக்காரர் காட்டின வழி லேசு: ரெண்டுக்கும் ரெண்டு குறி, பிறகு விதிகள்.

ப எண்டது ஏதாவது ஒரு கூற்று, ¬ எண்டா 'இல்லை', → எண்டா 'இது சரியெண்டா அதுவும் சரி'. அ(ப) எண்டா ப எனக்குத் தெரியும், ந(ப) எண்டா ப எண்டு நம்புறன். முதல் விதி, அ(ப) → ப, பொய்யை ஒருத்தருக்கும் 'தெரிய' ஏலாது. நம்பிக்கைக்கு இதைப் போடாதேங்கோ, அதுக்கு ப-வையும் ¬ப-வையும் சேர்த்து நம்பேலாது எண்டது போதும். அடுத்தது அ(ப) → ந(ப). இதில சண்டை குறைவு.

இனித்தான் கவனம். பாக்க நல்ல பிள்ளை மாதிரி ரெண்டு விதி வரும். ஒண்டு, தெரியாட்டி தெரியாது எண்டு தெரியும்: ¬அ(ப) → அ(¬அ(ப)). மற்றது, உறுதியா நம்புறவர் தனக்குத் தெரியும் எண்டே நம்புவார்: ந(ப) → ந(அ(ப)), காசோட ஓடின என்னை மாதிரி. ரெண்டையும் சேர்த்துப் போட்டா கதை முடிஞ்சுது. எப்பிடியெண்டா, ந(ப) இருக்கு, அ(ப) இல்லை எண்டு வையுங்கோ. முதலாவதால அ(¬அ(ப)), தெரிஞ்சா நம்பவும் வேணும், அப்ப ந(¬அ(ப)). ரெண்டாவதால ந(அ(ப)). நேருக்கு நேர் முரண்! அதாவது நம்பினதெல்லாம் தெரிஞ்சதாப் போயிடும், பிழையா நம்பவே ஏலாது. நான் முதல்ல இதைக் கவனிக்காம ஒரு பின்னேரம் முழுக்க எழுதிக் கிழிச்சனான்.

எதை வெட்டுறது? என்ர வாக்கு முதலாவதுக்கு எதிரா, ஏனெண்டா பிழையா நம்புறவருக்கு தனக்குத் தெரியாது எண்டது தெரியவே தெரியாதே. தத்துவக்காரர் ராபர்ட் ஸ்டால்நேக்கரும் அதைத்தான் விட்டவர், விட்டிட்டு உறுதியான நம்பிக்கையை அறிவாலயே எழுதினார்: ந(ப) எண்டா ¬அ(¬அ(ப)). தமிழில வாசிச்சுப் பாருங்கோ, 'எனக்கு இது தெரியாது எண்டு எனக்குத் தெரியாது'. சும்மா 'மழை வரும்போல' எண்ட அளவு நம்பிக்கைதான் உங்கட தேவை எண்டா ரெண்டாவதை வெட்டுங்கோ, அதுவும் சரிதான்.

கடைசியா பாண்காரர் கேஸை உள்ள போட்டுச் செக் பண்ணுங்கோ: ப வரும், ந(ப) வரும், அ(ப) வராது, முரணும் இல்லை. மாலு பாண் மட்டும் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.