ரேடியோ ஜெட் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை ப்ராஜெக்ட் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திகெரேயில் எங்கள் வீட்டு மேசைமேல் லேப்டாப்புகள் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து கேலக்ஸிகளின் மையத்திலிருந்து பீறிடும் துகள் தாரைகளான ஜெட்களைப் படிக்கிற பிள்ளைகள், ரேடியோ தொலைநோக்கி டேட்டாவிலிருந்து தாங்கள் போட்ட படங்களைக் காட்ட வருவார்கள். எங்கள் தலைமுறை செய்த பிழைகள் அப்படியே திரும்ப வருகின்றன. கலிப்ரேஷன் கோளாறு, இரைச்சல் எல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். படம் அழகாக இருந்தும் முடிவு தப்பாகிப்போகும் இடங்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு பக்கம்தான் ஜெட் என்று எழுதுவது

1918இல் வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் எம்87 கேலக்ஸியில் கண்ட நேரான கதிர் இன்றும் ஒரு பக்கம்தான் பளிச்சென்று தெரிகிறது. மறுபக்கம் ஜெட் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒளியின் வேகத்தில் 90 சதவீதத்தில், நம் பார்வைக் கோட்டுக்கு 20 டிகிரி சாய்வில் நம்மை நோக்கி வரும் ஜெட், எதிர்த்திசையில் போகும் அதே மாதிரி ஜெட்டைவிடச் சுமார் 500 மடங்கு பிரகாசமாகத் தெரியும். உங்கள் படத்தில் இரைச்சலுக்கும் உச்சப் பிரகாசத்துக்கும் அத்தனை இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மறுபக்க ஜெட் இரைச்சலில் மறைந்திருக்கலாம்.

பொருந்தாத இரண்டு டேட்டாவை வகுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவி உற்சாகமாக வந்தாள். "அக்கா, இந்த கேலக்ஸி அணைஞ்சு போச்சு. லோப் முழுக்க வயசான எலெக்ட்ரான்தான்." ஜெட்டின் முனையில் பரந்து கிடக்கும் ரேடியோ மேகத்தைத்தான் லோப் என்கிறோம். கையில் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 610 மெகாஹெர்ட்ஸ் படம், அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியின் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த 1.4 கிகாஹெர்ட்ஸ் படம், இரண்டையும் வைத்துப் போட்ட ஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸ் படம் (அதிர்வெண் கூடக்கூடப் பிரகாசம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டும் எண்). லோப்களில் −1.5. தொலைநோக்கி நேரம் கேட்கும் விண்ணப்பம்கூடப் பாதி எழுதியிருந்தாள்.

அவள் நினைத்த வழியில் பிழை இல்லை. ஜெட் கொண்டுபோய்க் கொட்டும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் அலைகளை வெளியிடுகின்றன. ஆற்றல் கூடியவை சீக்கிரம் ஆற்றலை இழப்பதால் உயர் அதிர்வெண்தான் முதலில் மங்கும். சாதாரண லோபில் −0.7 அளவில் இருக்கும் இண்டெக்ஸ் செங்குத்தாக இறங்கினால், புது எலெக்ட்ரான் வரத்து நின்றுவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

"அந்த 1.4 டேட்டா எந்த கான்ஃபிகரேஷன்மா?"

"ஏ, அக்கா."

காரியம் கெட்டது அங்கேதான். ஏ கான்ஃபிகரேஷனில் விஎல்ஏ ஆன்டெனாக்கள் 36 கிலோமீட்டர் வரை விரிந்திருக்கும். மிக நெருங்கிய ஜோடிக்கே இடைவெளி 0.68 கிலோமீட்டர். 1.4 கிகாஹெர்ட்ஸில், வானத்தில் கோண அளவில் சுமார் 36 ஆர்க்செகண்டுக்கு மேல் பரந்த எதையும் அது சரியாகப் பிடிக்காது. அவளுடைய லோப் ஒரு ஆர்க்மினிட்டுக்கும், அதாவது 60 ஆர்க்செகண்டுக்கும் மேல். ஜிஎம்ஆர்டியிலோ 30 ஆன்டெனாக்களில் 14 ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் நெருக்கமாக நிற்பதால் பல ஆர்க்மினிட் பரப்பும் பதிவாகும். பெரியதை ஒழுகவிட்டுச் சின்னதைப் பிடித்துவைக்கும் தலைகீழ்ச் சல்லடை என்று இன்டர்ஃபெரோமீட்டரை, அதாவது இப்படிப் பல ஆன்டெனாக்களை இணைத்த தொலைநோக்கியை, நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 610இல் 100 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ பிரகாச அலகு) இருக்கும் லோப், −0.7 இண்டெக்ஸோடு 1.4 கிகாஹெர்ட்ஸில் 56 இருக்க வேண்டும். அதில் பாதியைத் தொலைநோக்கி தவறவிட்டால் 28. இப்போது இண்டெக்ஸ் −1.5! கேலக்ஸிக்கு வயதே கூடவில்லை.

"ரெண்டையும் ஒரே ரிசொல்யூஷனுக்கு மங்கலாக்கிட்டேனே அக்கா" என்பார்கள். மங்கலாக்கினால் பதிவாகாத ஒளி திரும்பி வராது. பேஸ்லைன்களை, அதாவது ஆன்டெனா ஜோடிகளின் இடைவெளிகளை, கிலோமீட்டரில் ஒப்பிடுவதும் உதவாது, அலைநீளக் கணக்கில் ஒப்பிட வேண்டும். அந்த ஏ டேட்டா ஏறக்குறைய 3,200 அலைநீளத்தில்தான் தொடங்குகிறது. ஜிஎம்ஆர்டியிலும் அதைவிடக் குறுகிய பேஸ்லைன்களை வெட்டினால் ஒப்பீடு நியாயமாகும், ஆனால் இரண்டு படத்திலும் லோப் போய்விடும். லோப் வேண்டுமென்றால் நெருக்கமான கான்ஃபிகரேஷன் டேட்டாவைத் தேடிச் சேர்க்க வேண்டும். அப்புறம் இரண்டுக்கும் ஒரே அலைநீள எல்லை, ஒரே வெயிட்டிங் (பேஸ்லைன்களுக்குத் தரும் எடை), ஒரே பீம் (படத்தின் மங்கல் அளவு), ஒரே ஃப்ளக்ஸ் (பிரகாச) அளவுகோல். மைய உட்கரு இரண்டு படத்திலும் ஒரே பிக்சலில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஜெட்டின் ஒரு ஓரம் இளமையாகவும் மறு ஓரம் முதுமையாகவும் தெரியும்.

நான் எல்லோரையும் செய்யச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. 610 படத்தையே மாதிரி வானமாக வைத்து, 1.4 டேட்டாவின் பேஸ்லைன்களில் அதைப் பார்த்ததுபோல சிமுலேட் செய்து படம் போடுங்கள். எவ்வளவு காணாமல் போகிறது என்று கண்ணெதிரே தெரியும். மொத்த ஃப்ளக்ஸை, விஎல்ஏ 1.4 கிகாஹெர்ட்ஸில் எடுத்த என்விஎஸ்எஸ் வான சர்வேயோடும் ஒப்பிடுங்கள். நெருக்கமான கான்ஃபிகரேஷனில் எடுத்தது (பீம் 45 ஆர்க்செகண்ட்) என்பதால் பரந்த லோபை நன்றாகவே பிடித்திருக்கும். மென்பொருள் இந்தத் தவறுக்கு எந்த எச்சரிக்கையும் தராது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அந்த மாணவி எல்லாவற்றையும் திரும்பப் போட்டு முடிப்பதற்குள் விண்ணப்பக் கெடு தாண்டிவிட்டது. லோப் சாதாரண லோப்தான்.

ஒளியை மிஞ்சிய வேகம்

எம்87 ஜெட்டின் பிரகாசமான முடிச்சுகள் ஒளியைப்போல 6 மடங்கு வேகத்தில் நகர்வதாக ஹபிள் படங்களில் தெரிந்தது. இது தோற்றம் மட்டுமே. நம்மை நோக்கிக் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் வரும் பொருள் இப்படித் தெரியும் என்று வானியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966இலேயே கணித்துவிட்டார். "தோற்ற வேகம்" என்றே எழுதுங்கள்.

நீளம்

ஜெட் நம் பார்வைக் கோட்டுக்குச் சாய்ந்திருக்கலாம் என்பதால், படத்தில் அளந்தது குறைந்தபட்ச நீளம்தான்.

நிறம்

படத்தின் நிறங்கள் நாமே கொடுத்தவை, சிவப்பு என்றால் சூடு இல்லை. நிற அளவுகோல் போடாமல் படம் அனுப்பாதீர்கள்.