பரிசு விழுந்ததாக மெயில் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

பரிசு மெயில் வந்ததும் பலர் அதில் எழுத்துப் பிழையைத்தான் தேடுகிறார்கள். ஒரு காலத்தில் அது உதவியது. இன்று ஏஐ கருவி கையில் இருந்தால் யாரும் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதிவிடலாம், நல்ல தமிழிலும்கூட. லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் இணையத்தில் எடுத்து ஒட்டுவதுதான். கடிதத்தின் அழகை விட்டுவிட்டு, அது எந்த முகவரியிலிருந்து வந்தது, பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

அனுப்பியவர் பெயரை நம்புவது அடுத்த தவறு. அந்த இடத்தில் ‘ரிசர்வ் வங்கி ஆளுநர்’ என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் முழு முகவரி தெரியும். @ குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து படியுங்கள். ‘கூகுள்.வின்னர்கிளெய்ம்.காம்’ என்றிருந்தால் அது கூகுளுடையது அல்ல. ‘காம்’ என்பதற்கு ஒட்டினாற்போல் இடப்பக்கம் நிற்கும் ‘வின்னர்கிளெய்ம்’ என்ற பெயரை வாங்கியவருடையது. அதற்கு முன்னால் எந்த நிறுவனத்தின் பெயரையும் அவர் சேர்த்துக்கொள்ளலாம். ‘ரிப்ளை-டு’ என்ற வரியையும் பாருங்கள். அனுப்பிய முகவரி ஒரு நிறுவனத்துடையதாகவும், பதில் போகும் முகவரி சாதாரண இலவச மெயிலாகவும் இருந்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சறுக்கும் இடம் வேறு. ஜிமெயிலின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ போய், அனுப்பிய முகவரி போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளிலும் ‘பாஸ்’ என்று கண்டதும் உண்மையான மெயில் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மெயில் அந்த டொமைனிலிருந்துதான் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயர்) கிளம்பியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மோசடிக்காரர் சொந்தமாக ஜிமெயில் கணக்கு தொடங்கி அனுப்பினாலும் மூன்றும் பாஸ் ஆகும். ‘ஃபெயில்’ வந்தால் எச்சரிக்கை. ‘பாஸ்’ வந்தால் நற்சான்றிதழ் அல்ல.

‘மெயில் முகவரிகளைக் குலுக்கி எடுத்தோம்’ என்ற கதையை நம்பவே வேண்டாம். எந்த லாட்டரியும் அப்படி நடப்பதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்கே தடை. கேரள அரசு லாட்டரியின் பெயரிலும் ஆன்லைனில் ஏமாற்றுகிறார்கள். அந்த லாட்டரியோ காகிதச் சீட்டாக மட்டுமே விற்பது. பரிசு கேட்க அசல் சீட்டையே 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சீட்டு கையில் இல்லாதவருக்குப் பரிசு எங்கிருந்து வரும்?

பணம் அதிகம் போவது ‘சிறிய கட்டணம்தானே’ என்ற நினைப்பில்தான். முதலில் பிராசசிங் கட்டணம் என்று சில ஆயிரம் கேட்பார்கள். கட்டியதும் கஸ்டம்ஸ், பிறகு வரி, பிறகு பணம் சட்டப்படியானது என்பதற்குச் சான்றிதழ் என்று தொகை ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற பயம்தான் அடுத்ததையும் கட்ட வைக்கிறது; மோசடிக்காரரின் முதலீடே அந்தப் பயம்தான். இந்தியாவில் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வரியைப் பரிசு தருபவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். கார் போன்ற பொருள் பரிசில் மட்டும் வரியை முன்கூட்டிக் கேட்க இடமுண்டு. ஆனால் அது நீங்களாகக் கலந்துகொண்ட போட்டியாக இருக்கும். அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். மெயிலில் தந்த எண்ணில் கேட்டால் ‘ஆமாம், உண்மைதான்’ என்றுதானே சொல்வார்கள்!

கட்டணம் போகும் கணக்கையும் பாருங்கள். லண்டன் நிறுவனம் என்பார்கள், பணம் போகச் சொல்வது இந்தியாவில் யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு. வெளிநாட்டு லாட்டரிக்காக இங்கிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதால், ஏமாந்தவர் போலீஸிடம் போகத் தயங்குவார் என்பதும் அவர்கள் கணக்கு.

பணம் கேட்கவில்லை, ஆதாரும் பான் நகலும்தான் கேட்டார்கள் என்று அனுப்பிவிடுவதும் ஆபத்து. அவற்றை வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்கலாம், வேறொருவரை ஏமாற்றிய பணத்தைப் போடக் கணக்குத் தொடங்கலாம். ‘பரிசை வரவு வைக்க’ யுபிஐ பின் கேட்டால் மறுத்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொன்னால் தொடர்பை அங்கேயே துண்டியுங்கள். கிண்டலுக்காகப் பதில் போடுவதும் வேண்டாம். முகவரி புழக்கத்தில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காத்திருப்பதுதான் பெரிய நஷ்டம். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் இருந்தால் அதை முடக்க முடியும்; அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி, ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் மீட்பது கடினம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பின்னர் cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில வாரங்கள் கழித்து ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வேறொருவர் வரக்கூடும். ஏமாந்தவர்கள் பட்டியல் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அவமானத்தில் மெயிலை அழித்துவிடாதீர்கள். ஃபார்வர்ட் செய்தால் அனுப்பிய சர்வரின் விவரங்கள் போய்விடும். கணினியில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து மெயிலைக் கோப்பாகவே இறக்கிப் போலீஸிடம் கொடுங்கள்.