கூச்சத்தின் சொல் கேட்டு உதவி தேடாதீர்கள்

கொழும்பு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து, இறங்க வேண்டிய இடத்தில் ‘பஹினவா’ (சிங்களத்தில் ‘இறங்குகிறேன்’) என்று ஒரு சொல் சத்தமாகச் சொல்ல முடியாமல், வேறு யாராவது இறங்கும்வரை இருந்து, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி வெயிலில் திரும்பி நடக்கிறவர்கள் உண்டு. சொல் தெரியாததால் இல்லை. குரல் நடுங்கிவிடும், உச்சரிப்பைக் கேட்டு ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். இந்த மாதிரிப் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலை, படிப்பு, கல்யாண வீடு என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஆளை விலக வைத்தால் அதைச் சமூகப் பதகளிப்பு என்கிறார்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உதவி தேடும் வழியையும் அந்தப் பயமே தெரிவு செய்துவிடுகிறது. ஆட்களைப் பார்க்காமல், கதைக்காமல், ஒருவருக்கும் தெரியாமல் குணமாக ஒரு வழி இருக்கிறதா என்று தேட வைக்கிறது. கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி அதனால் வருபவை.

நெஞ்சைக் காட்டிவிட்டு வருவது

படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் என்று பொது வைத்தியரிடம் போகிறார்கள். ஈசிஜி எடுத்தால் ஒன்றும் இல்லை. ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஒரு விற்றமின் துண்டோடு வீடு திரும்புகிறார்கள். ஆட்களுக்கு முன்னால்தான் இது வருகிறது, தனியே இருந்தால் வருவதில்லை என்ற ஒரே ஒரு வரியைச் சொல்லியிருந்தால் வைத்தியர் வேறு கேள்விகள் கேட்டிருப்பார்.

தனியாரில் சேனல் பண்ணிப் போனால் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் வாய் அடைத்துவிடும் என்று முன்கூட்டியே தெரியும்தானே? அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் தவிர்க்கும் மூன்று இடங்கள், கடைசியாக நடந்த ஒரு சம்பவம், அப்போது மனதில் ஓடியது, உடம்பில் நடந்தது, அதை மறைக்க நீங்கள் செய்தது, எந்த வயதில் தொடங்கியது, இப்போது எடுக்கும் மருந்து, குடிப்பழக்கம் இருந்தால் அதுவும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்திருந்தால் அதை முதல் வரியாக எழுதுங்கள். “வாசிச்சுப் பாருங்கோ டொக்டர்” என்று நீட்டினால் போதும்.

அம்மாவையோ அண்ணாவையோ கதைக்க விடுவது இதன் இன்னொரு வடிவம். ‘பிள்ளை சின்னனிலிருந்தே கூச்ச சுபாவம்’ என்று அவர்கள் தொடங்கினால் பிள்ளை ஒரு சொல் பேசாமலே நேரம் முடிந்துவிடும். “அம்மா, நீங்க வெளியில இருங்கோ, கடைசியில கூப்பிடுறன்” என்று கதவுக்கு வெளியிலேயே சொல்லிவிடுங்கள்.

யாரிடம், எந்த மொழியில்

மனநல வைத்திய நிபுணர் மருந்து எழுதக்கூடியவர். இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கும். மருத்துவ உளவியலாளர் பேச்சுச் சிகிச்சையில் பயின்றவர். உளவளத்துணையாளர் என்ற பெயரைப் பல ஆண்டுகள் படித்தவரும் போட்டுக்கொள்கிறார், சில வார வகுப்புக்குப் போனவரும் போட்டுக்கொள்கிறார். பலகையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. என்ன படித்தீர்கள், எங்கே, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், சமூகப் பதகளிப்புக்கு என்ன முறை பாவிக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நேரில் கேட்க முடியாவிட்டால் நேரம் எடுக்கும்போதே எழுத்தில் அனுப்பலாம்.

செலவுக்குப் பயந்து பின்போடவும் தேவையில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில போதனா வைத்தியசாலையிலும் மனநல கிளினிக் நடக்கிறது, கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டிவரும். மனநல வைத்தியசாலை இருக்கும் இடம் என்பதால் அங்கொட என்ற பெயரைச் சனம் ஏச்சுச் சொல்லாகவே பாவித்துப் பழகிவிட்டது; அதனால் அரச மனநல சேவை என்றாலே பலர் ஒதுங்குகிறார்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசிச் சேவையும் அதே அங்கொடையிலிருந்துதான் இயங்குகிறது.

மொழி விஷயத்தில் கொழும்புத் தமிழர் விடும் பிழை நுட்பமானது. ஒபிசில் ஆங்கிலம், கடையில் சிங்களம் என்று சமாளிக்கிறவர், தமிழில் கதைத்தால் தெரிந்த ஆட்களிடம் போய்ச்சேர்ந்துவிடும் என்று நினைத்து ஆங்கிலத்தில் சிகிச்சை எடுப்பார். பிறகு ஒவ்வொரு வசனத்தையும் மனதில் கட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவார். இப்படி முன்கூட்டி ஒத்திகை பார்ப்பதே இந்த நோயின் ஒரு பழக்கம்; சிகிச்சை அறைக்குள்ளும் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழும்போது எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில் கேட்கக்கூடியவரைத் தேடுவது நல்லது. கிடைக்காவிட்டால், ஒத்திகை பார்த்துத்தான் பேசுகிறேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குழுவை முதலில் தேடுவது

‘என்னைப் போன்றவர்கள் ஒரு குழுவாக இருந்தால் நல்லது’ என்ற ஆசை நியாயமானது. ஆனால் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், தனியாள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் (எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை) முதலில் வைக்கிறது. குழுச் சிகிச்சையும் பயன் தரும் என்றாலும், தனியாள் சிகிச்சைக்குப் பதிலாக அதை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் குழுச் சிகிச்சையும், ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் ஆதரவுக் குழுவும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள்.

சேர முன்னர் கேளுங்கள்: யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், எத்தனை கிழமை, வெளியே கதைக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் உண்டா, கிழமைக்குக் கிழமை ஏதாவது செய்து பார்த்துவிட்டு வரச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அது மனதை ஆற்றும் இடம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாக மற்றவர்களின் செய்தியை மட்டும் வாசிப்பதும், சூமில் கமராவை மூடி, மைக்கை அணைத்து இருப்பதும் கடைசி வரிசைக் கதிரையைத் தேடுவது போலத்தான். முதல் நாள் அப்படி இருங்கள், பரவாயில்லை. மூன்றாம் நாள் கமராவைத் திறப்பேன் என்று நடத்துபவரிடம் திகதி போட்டுச் சொல்லிவையுங்கள்.

சுமித்ரயோவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1974இலிருந்து தொண்டர்கள் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்கும் இடம் அது. மனம் உடையும் நாளுக்குப் பெரிய உதவி. சமூகப் பதகளிப்புக்கான சிகிச்சை அங்கே நடப்பதில்லை.

கதைத்துக்கொண்டே இருக்கும் சிகிச்சை

பிழைகளில் பெரியது இதுதான், ஏனென்றால் இதமாக இருக்கும். ஒவ்வொரு கிழமையும் போய்க் குழந்தைப் பருவத்தைக் கதைத்துவிட்டு, மனம் லேசாகி வீட்டுக்கு வருவார். ஆறு மாதம் கழித்தும் பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் தள்ளித்தான் இறங்குவார்.

அந்த பஸ்ஸையே எடுப்போம். நல்ல சிகிச்சையில் ஒரு தாளில் முதலில் பயத்தை எழுதச் சொல்வார்கள்: ‘நான் பஹினவா என்றால் குரல் உடையும், குறைந்தது ஐந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நம்பிக்கை 80 சதவீதம்.’ அடுத்து, அந்த நேரத்தில் செய்யும் பாதுகாப்புப் பழக்கங்கள்: வாசலுக்குக் கிட்ட நிற்பது, போனைப் பார்ப்பது, சொல்லை மனதில் பத்துத் தரம் சொல்லிப் பார்ப்பது. அவற்றை விட்டுவிட்டு, நடுவில் நின்று ஒரே தரம் சொல்ல வேண்டும். சொல்லும்போது தன் குரலைக் கேட்காமல் ஆட்களின் முகங்களைப் பார்க்க வேண்டும். பிறகு எழுத வேண்டும்: எத்தனை பேர் திரும்பினார்கள், யார் சிரித்தார்கள், இப்போது நம்பிக்கை எத்தனை சதவீதம்? பெரும்பாலும் கொண்டக்டர் மட்டும் திரும்புவார், அதுவும் பஸ்ஸை நிறுத்த.

பழக்கங்களை விடாமல் செய்தால் பயன் குறைவு. தேநீர்க் கோப்பையை நடுங்காமல் இருக்க இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்: தசை இறுகி நடுக்கம் கூடும். சிந்தாமல் தப்பினாலும் ‘இறுக்கிப் பிடித்ததால்தான் தப்பினேன்’ என்றே மனம் எழுதிக்கொள்ளும்.

நாலாவது சந்திப்புக்குள் இப்படி ஒரு வீட்டு வேலையும் தரப்படவில்லை என்றால் ‘எப்போது வெளியில் செய்து பார்ப்போம்?’ என்று கேளுங்கள். சமூகப் பதகளிப்புக்கென்று கிளார்க், வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையில் சுமார் நான்கு மாதத்தில் 90 நிமிடச் சந்திப்புகள் 14 வரை நடக்கும். மூன்று தரம் போய் ‘சரிவரவில்லை’ என்று நிறுத்துவது அவசரம்.

இடையில் பழக இடங்கள் கொழும்பில் தாராளம். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் கூட்டமொன்றில் நடு வரிசையில் இருந்து ஒரு கேள்வி கேட்பது நல்ல படி. மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகமும் உதவும். ஆனால் அங்கே தயார்செய்த பேச்சைவிட, அந்த இடத்திலேயே தலைப்புத் தந்து ஓரிரு நிமிடம் பேச விடும் பகுதிதான் இவர்களுக்கு மருந்து.

மருந்து

இதற்கு வழமையாக எழுதப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் முதல் ஒன்றிரண்டு கிழமை பதகளிப்பைக் கூட்டக்கூடும். பலர் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய சில கிழமைகள் வேண்டும், முழுதாக மதிப்பிட 12 கிழமை. பலன் தந்தால் இன்னும் ஆறு மாதமாவது தொடர்ந்து, வைத்தியர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும். நேர்முகத்துக்கு முதல் நாள் நண்பனிடம் படபடப்பைக் குறைக்கும் புரோப்பிரானோலோல் வாங்கிப் போடுவது ஆபத்து. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சையே அடைக்கலாம். அல்பிரசோலம், குளோனாசெபம் போன்ற பதகளிப்பைத் தணிக்கும் மாத்திரைகள் பழக்கத்தில் விழுத்தும். கல்யாண வீட்டுக்கு முன் இரண்டு ‘ஷொட்’ அடிப்பதும் அந்த வகைதான்.

சாகும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் 1926ஐ அழையுங்கள், அல்லது கிட்டிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக, ஒரு சந்திப்புக்குப் போகாமல் விட்டவர் வெட்கத்தில் அதோடு காணாமலே போய்விடுவது. இது இந்த நோயில் அடிக்கடி நடப்பது, சிகிச்சையாளர்களும் அறிந்தது. நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினால் அதை மூன்று நாள் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். இதை மட்டும் அனுப்புங்கள்: ‘போன கிழமை பயத்தில் வரவில்லை. அடுத்த நேரம் தாருங்கள்.’